குமட்டு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாதி சாப்பிட்ட தயிர்சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டு இளஞ்செழியன் ஒரு பத்தி எழுதினான். அதை வாசித்தவர்கள் மதுரையிலும் சேலத்திலும் கோலாலம்பூரிலும் உட்கார்ந்த இடத்திலேயே வாந்தி எடுத்தார்கள்.

அவன் திருச்சி உறையூரில் தனியாக இருந்தான். பள்ளிக்கூடப் புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துவது வேலை. மிச்ச நேரமெல்லாம் 'பன்னிரு வாயில்' என்ற விளையாட்டில் போயிற்று. அந்த விளையாட்டில் படமே கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து வரும், எழுத்தாலேயே பதில் சொல்ல வேண்டும். 'கதவைத் திற' என்று அடித்தால் கதவு திறக்கும். 'ஓடு' என்று அடித்தால் ஓடலாம். கற்காலத்து ஆட்டம் என்று பலர் சிரித்தார்கள். மணிக்கட்டில் மாட்டும் காப்பு வந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

காப்பு பார்க்க ஒரு ரப்பர் வளையம் மாதிரி இருக்கும். போட்டிருப்பவரின் நாடி, தோலின் ஈரம், வயிற்று நரம்பின் துடிப்பு எல்லாவற்றையும் அது கவனிக்கும். அதே நரம்புகளைத் தட்டி எழுப்பவும் அதற்குத் தெரியும். 'பனிக்காற்று வீசுகிறது' என்று திரையில் வந்தால் கையில் மயிர் சிலிர்க்கும். எதிரியின் ஈட்டி பாய்ந்தால் விலாவில் சுருக்கென்று இருக்கும். வலிக்கு மட்டும் சட்டப்படி ஓர் அளவு வைத்திருந்தார்கள். குமட்டலுக்கு அளவு வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

செழியன் அதில் ஒரு மந்திரவாதி. பெயர் ஆலகாலன். கையில் நரியின் தொடையெலும்பில் செய்த கோல், உடம்பில் ஆந்தைச் சிறகு அங்கி, சுட்டுவிரலில் ஈய மோதிரம். கோல் மந்திரத்தைத் தூரம் கொண்டுபோகும். அங்கி பிறர் மந்திரத்தைத் தாங்கும். ஈய மோதிரம் மந்திரத்துக்கு வலு சேர்க்கும் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள், எப்படி என்று சொல்லவில்லை. அவன் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே நிறுவனம் அதை இலவசமாகக் கொடுத்தது. தன் எழுத்துக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துக்கொண்டான்.

பன்னிரு வாயிலில் மந்திரத்தை ஆட்டக்காரரேதான் எழுத வேண்டும். அன்றைக்கு எதிரே நின்றவர்கள் சேற்றுமக்கள். அவர்களும் எங்கெங்கோ இருந்து விளையாடிக்கொண்டிருந்த மனிதர்கள்தான். அவர்களுடைய பலம் ஒரு மண்கலயம். அடிபட்டு விழுந்தவன் அதில் ஒரு வாய் குடித்தால் எழுந்துவிடுவான். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டே இருக்கும் அந்தக் கலயத்தை எந்த மந்திரவாதியாலும் உடைக்க முடிந்ததில்லை. செழியன் அதை உடைக்க முயலவே இல்லை. 'குமட்டு சேற்றுமக்கள்' என்று அடித்துவிட்டு, அதன் கீழே எழுதினான்:

'கலயத்தின் விளிம்பைப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் குடித்தவனின் எச்சில் காய்ந்து மஞ்சளாய் நிற்கிறது. அதை நீட்டுகிற கையைப் பாருங்கள். நகக்கண்ணில் செத்த மாட்டின் கொழுப்பு. குளித்துவிட்டு வந்த கைதான் அது. எத்தனை முறை குளித்தாலும் போகாது. உங்கள் மேல் ஒட்டிய அழுக்காக இருந்தால் போயிருக்கும். நீங்களே அதுதான்.'

கலயம் யார் கையிலோ நின்றது. அடுத்தவன் வாங்கவில்லை. அதற்கடுத்தவன் பின்னால் நகர்ந்தான். அடிபட்டவர்கள் கிடந்த இடத்திலேயே கிடந்து செத்தார்கள். பக்கத்தில் நிற்பவனின் தோள் படக்கூடாதென்று ஒவ்வொருவனும் விலகி விலகி, கடைசியில் படை என்று ஒன்று இல்லாமல் போனது. ஆலகாலன் ஏழாம் வாயிலைத் தனியாக நடந்து கடந்தான்.

அந்த மந்திரத்தைப் பற்றித்தான் அப்புறம் எல்லோரும் பேசினார்கள். அந்தப் பத்தியை எழுத்துப் பிசகாமல் எடுத்து அடித்துப் பார்த்தார்கள். மற்றவர்கள் அடித்தபோது எதிரி லேசாக முகம் சுளித்ததோடு சரி. செழியனுக்கு அது ரகசியமான சந்தோஷம். தன் தமிழ் தன்னோடுதான் வரும் என்று நினைத்தான், அந்த வாக்கியங்களின் வரிசையைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

அவனோடு எப்போதும் சேர்ந்து விளையாடும் மருத்துவச்சி ஒருத்தி இருந்தாள். விளையாட்டில் பெயர் நொச்சி. மூன்று வருடமாக அவன் முதுகைக் காத்தவள். ரூபாவதி என்பது நிஜப்பெயர், தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். அன்று ஆட்டம் முடிந்ததும் அவள் எழுதினாள்:

"பக்கத்துல நின்னதால எனக்கும் அந்தப் பத்தி வந்துச்சு. கொஞ்சம்கூடக் குமட்டல. புண்ணுல புழு எடுத்துட்டு நேரா கேன்டீன்ல போயி வடை தின்றவ நானு."

"அப்ப உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் எனக்கு அடங்காத எதிரி."

"நான் உங்க கட்சிங்க. அதனால பொழச்சீங்க." பிறகு, "ஆனா அது எனக்குப் பிடிக்கல செழியன். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. பிடிக்கல."

அவன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

அடுத்த மாதம் ஆறாத புண்களுக்குக் கட்டுப் போடும் பயிற்சி ஒன்றுக்காக ரூபாவதி திருச்சி வந்தாள். பயிற்சி முடிந்த மறுநாள் ஞாயிறு. சாப்பிட வரச் சொல்லி செழியன் கூப்பிட்டான். காலையிலேயே உறையூர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பிஞ்சுக் கத்திரிக்காய் வாங்கி வந்து எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தான். ரசம் வைத்தான், அப்பளம் பொரித்தான். யாருக்காகவும் அவன் இவ்வளவு சமைத்ததில்லை.

வந்தவள் அவன் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தாள், நினைத்ததைவிடச் சத்தமாகச் சிரித்தாள். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து, "அப்பாவா?" என்றாள்.

"ஆமா. மில்லுல யூனியன்ல இருந்தாரு. பேருக்குப் பின்னால இருந்ததை வெட்டிப் போட்ட ஆளு. இந்த வீட்டுக்கு வந்த ஒருத்தரையும் நீங்க என்ன ஆளுங்கன்னு கேட்டதே கிடையாது."

"நல்ல வீடு," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

சாப்பிட்டுக்கொண்டே பேசினார்கள். ஏழாம் வாயிலைப் பற்றி, தோற்றுப்போன பழைய சண்டைகளைப் பற்றி, அவளுடைய வார்டில் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் பாட்டுப் பாடும் ஒரு பெரியவரைப் பற்றி. பேச்சுவாக்கில் அவள் தன் ஊரின் பெயரைச் சொன்னாள். செழியனின் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவருக்கும் அதே ஊர்தான்.

"அங்க ஒரு தடவை கல்யாணத்துக்கு வந்திருக்கேனே! பெருமாள் கோயில் இருக்குற பக்கம். நீங்க ஊர்ல எந்தப் பக்கம்?"

"ஏரிக்கரைக்கு அந்தாண்ட. காலனி."

"அதுக்கென்ன," என்றான் செழியன்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவனே சொன்னான், சட்டென்று சொன்னான். ரூபாவதி ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு, விளையாட்டில் அவன் பங்கு மூலிகையை எடுத்துக்கொள்வதுபோல, "பாதி எனக்கு," என்று சிரித்தபடி அவன் இலையில் இருந்த அப்பளத்தைச் சாப்பிட்ட கையாலேயே ஒடித்து எடுத்துக்கொண்டாள்.

மிச்சப் பாதியை அவன் வாயில் போட்டுக்கொண்டான். மென்றான். அது இறங்கவில்லை. அப்பளத்தின் ஓரத்தில் அவள் விரல் பட்ட இடத்தில் குழம்பு ஒட்டியிருந்ததை நாக்கு கண்டுபிடித்தது. குழம்பு அவன் வைத்ததுதான். நாக்கு அதை ஒத்துக்கொள்ளவில்லை. அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று புரண்டு கிளம்பியது. எழுந்து ஓடினான். கழுவும் தொட்டியில் எல்லாம் வந்தது. கத்திரிக்காய் தோலும் விதையுமாக, மூக்கு வழியாகக்கூட வந்தது. கண்ணில் நீர் முட்ட, குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மணிக்கட்டில் காப்பு துடிப்பதைப் பார்த்தான். கழற்ற மறந்திருந்தான்.

காப்புதான். அந்த எண்ணம் வந்தவுடனே அவனுக்குத் தெம்பு வந்தது.

முகம் கழுவிக்கொண்டு திரும்பினால், ரூபாவதி இலையை எடுத்துப் போட்டுவிட்டு, தான் குடித்த டம்ளரை அடுப்படியில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, நீங்க ஏன் கழுவுறீங்க?"

"நான் போனதும் நீங்க தூக்கிப் போட்டுடக் கூடாதுல்ல. நல்ல டம்ளரு."

"ரூபா, இது நீங்க நினைக்குற மாதிரி இல்ல. இந்தக் காப்பு! என் மந்திரம் எனக்கே திரும்பியிருக்கு. அத நான் எழுத எழுத எனக்குள்ள எதையோ பண்ணி வச்சிருக்காங்க. சத்தியமா."

அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "இந்த மூஞ்சிய நான் வார்டுல தெனம் பாக்குறேன். கட்டுப் பிரிக்கும்போது சொந்தக்காரங்க வாசல்ல நின்னு ஒரு மூஞ்சி வச்சிருப்பாங்க. அவங்க மேல எனக்குக் கோவமே வந்ததில்ல. இன்னிக்கு வந்துச்சு." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "காப்புன்னு சொல்றீங்க. உங்களை எனக்கு மூணு வருசமாத் தெரியும். நம்பணும்னுதான் இருக்கு. போய்க் கேளுங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்குச் சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுச் செழியன் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினான். வழியெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்துகொண்டான். ஒரு மனிதனின் வயிற்றுக்குள் புகுந்து, அவன் நம்பாத ஒன்றை அங்கே விதைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? கேட்பதற்கு நன்றாக இருந்தது.

நிறுவனத்தில் அவனைச் சந்தித்தவள் ஷாஹிதா. காப்பின் நரம்புக் கணக்குகளைப் பார்க்கும் பொறியாளர். வயது முப்பதுக்குள், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. அவன் தயார் செய்துவந்ததை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு கணினியில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"சார், மந்திரம் எறியுறவங்க காப்பு வாங்கும். அவங்க மந்திரத்தை அவங்களுக்கே குடுக்காது. எறியுறவருக்கே குமட்டுனா அடுத்த வரி எப்படி அடிப்பாரு? அதனால அந்தப் பாதையவே அடைச்சு வச்சிருக்கோம்."

"வாங்கும்னா?"

"நீங்க அந்தப் பத்தியை எழுதும்போது உங்க வயித்துல என்ன நடக்குதோ அத வாங்கும். எதிரிக்கு அதைத்தான் அனுப்பும். ஈய மோதிரத்தோட வேலை அதுதான்."

"என் எழுத்துக்குத்தானே அந்த மோதிரத்தைக் குடுத்தீங்க?"

ஷாஹிதா தயங்கினாள். "உங்க எழுத்த அப்ப யாரும் வாசிச்சிருக்கவே மாட்டாங்க சார். புதுசாச் சேர்றவங்களுக்கு ஆரம்பத்துல சில வரிகளைக் காட்டுவோம். பாம்பு, இருட்டு, ரத்தம், எச்சில், இப்படி. யாருக்கு எதுல நரம்பு ஏறுதுன்னு பாக்க. சில பேருக்குப் பயம் நல்லா ஏறும், அவங்களுக்குப் பயமுறுத்துற மந்திரம் வசமாகும். உங்களுக்கு ஏறினது அருவருப்பு. அந்த அளவுக்கு யாருக்குமே ஏறல. அதனால மோதிரம் உங்களுக்கு வந்துச்சு. உங்க பத்திய வேற ஆளுங்க அடிச்சுப் பாத்தாங்கல்ல? வேலை செஞ்சுதா?"

செழியன் மணிக்கட்டில் காப்பைத் திருகினான்.

"வார்த்தை வெறும் சாக்குதான். பின்னால சரக்கு இருக்கணும்," என்றாள் அவள்.

"அப்படின்னா படம் காட்டியே இதைச் செய்யலாமே. எதுக்கு எழுத்து?"

"படம்னா முகத்தைத் திருப்பிக்கலாம். எழுத்த வாசிக்கிறவன் தானே உள்ள சமைச்சுக்கணும். எழுதுறவனும் அப்படித்தான், உள்ள இருக்குறதப் போட்டுத்தான் சமைப்பான்." குரலைத் தணித்துக்கொண்டாள். "சேற்றுமக்கள் எப்படி இருப்பாங்கன்னு நாங்க எங்கயும் எழுதல சார். எதிரிங்க, ஒரே கலயத்துல குடிப்பாங்க, அவ்வளவுதான் எங்க வரி. செத்த மாடு, குளிச்சாலும் போகாதுன்றது, அதெல்லாம் எங்க புடிச்சீங்க?"

"கற்பனை."

அவள் தலையசைத்தாள். வாதாடவில்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"போன ஞாயிறு என் வீட்டுல நடந்துச்சே. காப்பு துடிச்சுது. நானே பாத்தேன்."

"துடிச்சிருக்கும். வாங்கும்போதும் துடிக்கும்." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு நீங்க ஆட்டத்துக்குள்ளயே வரல. காப்பு உங்களுக்கு ஒண்ணும் குடுக்கல. ஆனா மத்தியானம் ஒரு பெரிய வீச்சு உங்ககிட்டேருந்து வந்திருக்கு. இதுவரைக்கும் வந்ததுலயே பெருசு. மேல இருக்குறவங்களுக்கு ரொம்பச் சந்தோஷம்."

"எதுக்குச் சந்தோஷம்?"

"உங்க மோதிரத்தை நகல் எடுத்து விக்கிறோம் சார். சேரும்போது நீங்க சம்மதிச்சதுதான். வாங்குறவங்க உங்க அருவருப்பைத் தங்களோடதா எறியலாம். நேத்துலேருந்து விக்கிறதுல இந்த ஞாயித்துக்கிழமை வீச்சும் சேந்திருக்கு."

செழியனுக்கு அந்த அப்பளத்தின் ருசி வாயில் வந்தது. தன் கூடத்தில், அப்பாவின் படத்துக்குக் கீழே, ஒரு பெண்ணின் விரல் பட்டதற்காகத் தன் வயிறு செய்த காரியத்தை இந்நேரம் யார் யாரோ எடுத்து யார் யார் மேலோ வீசிக்கொண்டிருப்பார்கள். சாக்கடை மூடி திறந்த மாதிரி இருந்தது. எழுந்துபோய் ஜன்னலருகே நின்றான்.

"நானும் ஒரு தடவை அந்த மந்திரத்தை என் மேல வாங்கிப் பாத்தேன்," என்றாள் ஷாஹிதா. "சோதிக்கிறதுக்காக. ரெண்டு நாள் எங்கம்மா பெசஞ்சு குடுத்த சோத்தை என்னால தின்ன முடியல. அம்மா கையையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அவங்களுக்கு ஏன்னு புரியல. இந்த ஊர்ல வீடு தேடி அலைஞ்சப்ப, பேரைச் சொன்னதும் சில பேர் கதவுல நின்னு ஒரு மாதிரிப் பாப்பாங்க. அவங்களுக்கு உள்ள என்ன ஓடும்னு எனக்குத் தெரிஞ்சதில்ல. அன்னிக்குத் தெரிஞ்சுது. தெரியாமலே இருந்திருக்கலாம்."

"இதை நிறுத்த முடியாதா?"

"உங்க ஆளைக் கலைச்சுட்டா முடியும். ஆலகாலன் இல்லன்னா நகல் விக்க எங்களுக்கு உரிமை இல்ல. கோல், அங்கி, மோதிரம், நீங்க கடந்த வாயில் எல்லாம் போயிடும். திரும்ப வராது. மேல இருக்குறவங்க உங்ககிட்டப் பேசி மனசை மாத்தப் பாப்பாங்க. மாத்துறதுக்குள்ள செய்யணும்னா இப்பவே செய்யணும்."

விசைப்பலகையை அவன் பக்கம் தள்ளினாள். செழியன் உட்கார்ந்தான். 'கலை' என்று அடித்தான். உறுதிதானா என்று திரை கேட்டது. ஆம் என்றான். கோல் மண்ணில் விழுந்தது என்று வந்தது. அங்கியின் சிறகுகள் காற்றில் போயின என்று வந்தது. மோதிரம் உருகியது. கடைசியில், இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று வந்தது. மூன்று வருட உழைப்பு. கண் கலங்கியது. தான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியது, அந்த எண்ணத்தைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டான்.

காப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். "இதைக் கழட்டிட்டா போயிடுமா?"

"எது?" என்றாள் ஷாஹிதா.

அவன் எழுந்துகொண்டான். அவள் காப்பை எடுத்து இழுப்பறைக்குள் போட்டாள்.

சிங்காநல்லூர் பஸ் நிலையத்தில் திருச்சி வண்டிக்குக் காத்திருந்தபோது ரூபாவதியின் அழைப்பு வந்தது. ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தான்.

"என்ன சொன்னாங்க?" குரலில் பதற்றம் இருந்தது. காலையிலிருந்து இதற்காகவே காத்திருந்தவளின் குரல்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் கத்தமாட்டாள், அழமாட்டாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்த மாதிரி போனை வைத்துவிடுவாள்.

"ஆலகாலனைக் கலைச்சுட்டேன் ரூபா," என்றான்.

"என்னது! எல்லாமேவா? கோலு, அங்கி?"

"எல்லாம். அந்த மந்திரத்தை வித்துக்கிட்டு இருந்தாங்க. நான் கலைச்சாத்தான் நிக்கும்னாங்க. கலைச்சுட்டேன். காப்பையும் கழட்டிக் குடுத்துட்டேன்."

அதுவரை சொன்னது அத்தனையும் நிஜம். அடுத்ததைச் சொல்வது அதனால் எளிதாக இருந்தது.

"அது காப்போட கோளாறுதான். அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

பக்கத்தில் ஒரு நடத்துநர் கரூர், கரூர் என்று கூவிக்கொண்டு போனார். பிறகு ரூபாவதி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"நான் உங்களத் தப்பா நெனச்சுட்டேன் செழியன். ரெண்டு நாளா என்னென்னமோ நெனச்சுட்டேன். வாய்க்கு வந்ததப் பேசி, டம்ளரையெல்லாம் கழுவி வச்சு... எங்களுக்கு எதப் பாத்தாலும் அப்படித்தாங்க தோணிப்போவுது. எனக்காக அத்தனையும் விட்டுட்டு நிக்கிறீங்க. என்னை மன்னிச்சிருங்க."

திருச்சி வண்டி உள்ளே வந்து நின்றது. ஆட்கள் முண்டியடித்துக்கொண்டு ஏறினார்கள்.

"பரவாயில்ல ரூபா," என்றான் செழியன். "விடுங்க. நான் தப்பா எடுத்துக்கல."